ஆறு சிலிண்டருக்கு அர்ச்சனை

எங்கள் காருக்கு நடந்த பூசைகளைக் கணக்கெடுத்தால், சில சின்னக் கோயில்களுக்குக்கூட அத்தனை நடந்திருக்காது. புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வருவது எல்லோரும் செய்வதுதான். என் கணவர் பழைய காருக்கு ஒரு பிரேக் பேட் மாற்றினாலும் எலுமிச்சம்பழம் வாங்கிவிடுவார்.

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, அந்தக் கார் எனக்கு முன்பே அங்கே குடியேறியிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. எங்கள் பிளாக்குக்குக் கீழே நிறுத்தினால் பாதி வண்டி அடுத்த பிளாக்குக்குச் சொந்தம் என்று தோன்றும்படி நீண்ட மூக்கு. அந்த மூக்குக்குள் வரிசையாக ஆறு சிலிண்டர். நிறம் ஒரு காலத்தில் ஆரஞ்சு. நான் பார்த்தபோது நன்றாகப் பழுத்துவிட்ட பப்பாளியின் நிறம்.

அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வரைபடப் பிரிவில் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் வீட்டு நிலைப்படிகளில் எதையும் அவர் தலை விட்டுவைக்கவில்லை. நான் ஐந்தடியைத் தொட வேண்டுமென்றால் கொண்டையை உயர்த்திப் போட வேண்டும். கல்யாணப் போட்டோவில் எனக்கு ஒரு மணை போட்டு நிற்க வைத்தார்கள்.

"ஆறு சிலிண்டர் இது. இத இப்படியே ஓட்டுறது பாவம் லா" என்பார். அதை வேகமாக்க வேண்டும். ஆனால் புது சாமான் வாங்க மாட்டார். காசைக் கொட்டி வேகம் வாங்குகிறவன் அவர் கண்ணில் முட்டாள். சல்லிசாக வாங்க வேண்டும், தன் கையால் பூட்ட வேண்டும், பெரிய கம்பெனி வண்டிக்காரன் ஹைவேயில் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அவருக்கு இரவில் தூக்கம் வரும்.

அதற்கு அவர் நம்பியது துறைமுகம் இருக்கிற கிள்ளானை. ஜப்பானில் ஓடி முடித்த கார்களைப் பாதியாக வெட்டி, மூக்கும் இஞ்சினும் முன்சீட்டும் உள்ள பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். ஹாஃப்கட் என்று பேர். கிள்ளான் பக்கத்துக் கடைகளில் அந்தப் பாதிக் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். எங்களுக்குப் பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். நாங்கள் ஒருவரையொருவர் பழகிக்கொண்டது அந்தக் கடைகளில்தான். சனிக்கிழமை மதியம் அவர் ஏதாவது ஒரு பாதிக் காருக்குள் தலையைவிட்டுக் கொண்டிருப்பார். நான் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு, அவருடைய கால்களோடு பேசிக்கொண்டிருப்பேன். கடை முதலாளி, பனியன் போட்ட சீனத் தவுக்கே, எனக்கு மட்டும் ஒரு விசிறி கொடுப்பார். "பாஸ் சூடா கீலா" என்று தலையை ஆட்டுவார். பாஸுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மலாயில் சொல்கிறார். நானும் கூடவே தலையை ஆட்டுவேன்.

முதலில் வாங்கியது சீட்டு. பந்தயக் காரில் வருவது போல, உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் ஆழமான ஓட்டுநர் சீட்டு. அந்தப் பாதிக் கார் எங்கேயோ பலமாக மோதியிருந்தது. அதன் கண்ணாடிக் கம்பியில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஜப்பான் கோயில் தாயத்து என்று தவுக்கே சொன்னார். என் கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவங்களும் பூசை போட்டுத்தான் ஓட்டிருக்காங்க. அப்படியும் அடிபட்டிருக்கு. யாரோட தோஷமோ, நம்ம வண்டிக்கு வேணாம்."

அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம். கிள்ளானிலிருந்து எது வந்தாலும், பூசை போடாமல் அது ரோட்டைப் பார்க்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கார் கோயில் வாசலில் வந்து நின்றால் குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். அலுத்துக்கொள்ளாத மனிதர். "இந்த வாட்டி என்ன?" என்று மட்டும் கேட்பார். "ஸ்பிரிங்கு, சாமி" என்பார் இவர். ஸ்பிரிங்குக்கும் நட்சத்திரம் கேட்பாரோ என்று நான் பயந்துகொண்டே நிற்பேன்.

சீட்டைத் தன் உயரத்துக்குப் பூட்ட அவர் பல சனிக்கிழமைகளைச் செலவழித்தார். காலை நீட்டிப் பார்ப்பார், கையை மடக்கிப் பார்ப்பார், இறங்கிச் சாக்பீஸால் கோடு போடுவார். சாதாரண சீட்டு போல முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளம் அதற்குக் கிடையாது. கார்த் தகரத்தில் நான்கு ஓட்டை போட்டு, நான்கு போல்ட்டில் இறுக்கிவிட்டால் அங்கேயேதான். இறுக்கி முடித்துவிட்டு, மகாராஜா போல உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அழகாகத்தான் இருந்தார். அதைச் சொல்லவும் செய்தேன்.

அதன்பின் எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு புகைக்குழாய் வந்தது. இஞ்சின் முதலில் ஒழுங்காக மூச்சை வெளியே விட வேண்டும், அப்புறம்தான் அதிகம் சாப்பிடச் சொல்ல வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அது விட்ட மூச்சில் பிளாக்கில் தூங்கிய குழந்தைகளெல்லாம் எழுந்துகொண்டன. கார் பெரிய ரோட்டில் திரும்பும்போதே மாடி வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்து, "உன் புருஷன் வந்துட்டாரு, சோத்தப் போடு" என்பார். பிறகு முரட்டு ஸ்பிரிங்கு. சுங்கை பூலோவில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நான் மடியில் வைத்துக்கொண்டு போன சாம்பாரில் பாதி என் சேலைக்குத்தான் விருந்தானது. பிறகு வண்டியின் எடையைக் குறைக்கிறேன் என்று ரேடியோவைக் கழற்றினார், ஏர்கோனைக் கழற்றினார், தரைவிரிப்பைக் கழற்றினார். இன்னும் எதைக் கழற்றலாம் என்று யோசித்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏன் என்னைப் பாக்கறீங்க?"

"சும்மா லா."

பிறகு ஒரு கனமான கிளச். அதை மிதிக்க ஒரு காலுக்கு இரண்டு காலின் பலம் வேண்டும். அதுவரை இவையெல்லாம் எனக்கு வேடிக்கைதான். நான் கார் ஓட்டுகிறவள் இல்லை. லைசென்ஸ் இருந்தது, கல்யாணத்துக்கு முன் எடுத்தது. எடுத்த பிறகு பீரோவில் நகையோடு வைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு வேலையில் உயர்வு வந்தது. கோலாலம்பூரில் ஒரு அரசாங்க ஆபீசில் கீழ்நிலைக் கிளார்க்காகப் பல வருஷம் இருந்தவள் நான். இப்போது மேல்நிலைக்குப் போகலாம், ஆனால் ஷா ஆலமில். குறித்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் ஷா ஆலமிலேயே வீடு வைத்திருக்கிறவர், எனக்காகப் பிரார்த்தனை செய்கிறவர் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அந்த ஆபீசுக்கு நேர் பஸ் கிடையாது. மாறி மாறிப் போனால் எட்டு மணிக்குச் சேர்வது நடக்காத காரியம். அவரோ ஏழு மணிக்கே செந்தூலில் இருக்க வேண்டும்.

"கார நீயே எடுத்துக்கிட்டுப் போ. நான் நடந்து ஸ்டேஷன் போயி ரயில்ல போயிடுறேன்" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தக் காரைத் தன் தம்பிக்கே கொடுக்காதவர். நான் அன்று கோயில் பக்கம் திரும்பித் தனியாக ஒரு கும்பிடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷா ஆலமின் காலி ரோடுகளில் ஓட்டிப் பழகினோம். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தால்தான் என் கால் பெடலைத் தொடும். கிளச்சை அழுத்தினால் பெடல் நகராது, நான்தான் பின்னால் போவேன், தலையணைகள் நசுங்கும். பாதி அழுத்தியபடி கியர் போட்டால் அது கரகரவென்று கத்தும். விட்டால் வண்டி குதித்து நின்றுவிடும். ஷா ஆலமில் திரும்பின பக்கமெல்லாம் ரவுண்டானா. ஒவ்வொரு ரவுண்டானாவிலும் நான் நின்றுபோனேன். ஒருமுறை பின்னால் வந்த லோரிக்காரர் இறங்கி வந்து, நான் அழுவதைப் பார்த்து, ஹார்ன் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போட்டுக் குடுங்களேன்" என்றேன்.

"அது தள்ள முடியாது லா. ரேஸ் சீட்டு. பாத்துப் பாத்துப் போட்டது" என்றார். மூக்கை அறுத்துக் கொடுங்கள் என்று கேட்டதைப் போல முகம் போயிற்று. அதன் பிறகு ஒரு யோசனை சொன்னார். "உன்மேல தப்பில்ல. வண்டியில இழுவை பத்தல, அதான் ஆஃப் ஆகுது. மூணு கார்பரேட்டர் போட்டுட்டா நீ கிளச்ச எப்படி விட்டாலும் அதுவே இழுத்துக்கிட்டுப் போயிடும்."

அவர் என்னை ஏமாற்றச் சொல்லவில்லை, மனதார நம்பினார். அதுதான் அவரிடம் சண்டை போடுவதில் இருந்த கஷ்டம்.

தவுக்கேயிடமிருந்து, காற்றை உறிஞ்சிப் பெட்ரோலோடு கலந்து இஞ்சினுக்கு ஊட்டும் கார்பரேட்டர்கள் மூன்று வந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய், மொத்தம் ஆறு. ஒரு சிலிண்டருக்கு ஒரு வாய். நாதஸ்வரத்தின் அணசு போல விரிந்த வாய்கள். அவற்றின் மேல் காற்றை வடிகட்டும் ஃபில்டர் எதுவும் போடவில்லை. "ஃபில்டர் போட்டா மூச்சு முட்டும்" என்றார். ஒரு வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து கீழே உட்கார்ந்து பூட்டினார். நான் ஷா ஆலமில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின நாள் காலை, இஞ்சினைப் போட்டுக் காட்டினார். பொய் சொல்லக் கூடாது. அது பாடியது. மாடி வீட்டு ஆன்டிகூடத் திட்டாமல் நின்று கேட்டார். நேராகக் கோயிலுக்குப் போனோம்.

"இந்த வாட்டி என்ன?"

"கார்பரேட்டர், சாமி. மூணு. உள்ளுக்கு இருக்கு, போனட்டைத் திறந்து காட்டுறேன். அதுக்கு நேரா செய்ங்க."

வழக்கமாகப் பூசை மூடிய வண்டிக்குத்தான். அன்று அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. போனட்டைத் திறந்தார். இஞ்சினையும் நிறுத்தவில்லை. "மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே செஞ்சிடுங்க சாமி, அதான் விசேஷம்" என்று தானாக ஒரு ஆகமம் எழுதினார். குருக்கள் ஒரு கணம் தயங்கினார். பிறகு மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, கை நிறைய விபூதியும் சாமந்தி இதழ்களும் எடுத்து, அந்த ஆறு வாய்களுக்கு நேராகத் தூவினார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். விபூதியில் ஒரு துளி கீழே விழவில்லை. இதழ் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உள்ளே போய்விட்டது.

"சாமி ஏத்துக்கிச்சு" என்றார் குருக்கள், வியந்துபோய்.

கார் ஒருமுறை இருமியது. அப்புறம் ஒரு தும்மல், பின்னால் கரும்புகை. அதோடு நின்றுவிட்டது. அதன் பிறகு அது சாவிக்கு அசையவில்லை, கெஞ்சலுக்கு அசையவில்லை, கோயிலுக்கு வந்த நான்கு பேர் சேர்ந்து தள்ளியதில் மட்டும் அசைந்தது. வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தோம். வழியில் தெரிந்தவர்களெல்லாம் விசாரித்தார்கள். அவர் வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினார். நானே சொன்னேன்: "விபூதி சாப்பிட்டுடுச்சு."

வீட்டுக்குக் கீழே வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"நாளைக்கு எட்டு மணிக்கு நான் எதுல போவேன்?"

அவர் கார்பரேட்டருக்குள் விரலை விட்டு ஒரு சாமந்தி இதழை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணொண்ணா கழட்டிக் கழுவணும். திரும்பப் பூட்டி மூணையும் சமமா வைக்கிறதுக்கு ஒரு வாரம் ஆகும்" என்றார், தனக்குத்தானே பேசுவதைப் போல.

எனக்கு வந்த கோபத்தை அந்த இஞ்சின்கூடத் தாங்கியிருக்காது. "இவ்வளவு வருஷம் இந்தக் காருக்கு எவ்வளவு செஞ்சீங்க! எல்லாம் உங்களுக்காகச் செஞ்சதுதானே? ஒரு போல்ட்டு, ஒரே ஒரு போல்ட்டு எனக்காகப் போட்டிருக்கீங்களா?"

அக்கம்பக்கம் கேட்கக் கேட்கத்தான் சொன்னேன். படியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சமைத்தேன், அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. மறுநாளைக்கு டாக்சி பிடிக்கலாம். அதற்கடுத்த நாள்? அதற்கடுத்த மாதம்? அந்த ஷா ஆலம் நாற்காலி கையை விட்டுப் போய்விட்டது என்றே முடிவுகட்டி, சேலையை இஸ்திரி போடாமலே மடித்து வைத்தேன்.

கீழே வேலை நடந்துகொண்டே இருந்தது. ஒருமுறை மேலே வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். சாயங்காலம் இருட்டத் தொடங்கும் நேரத்தில் டிரில் மெஷின் சத்தம் கேட்டது. எங்கள் ஜன்னல் வழியாகத்தான் அதற்குக் கரண்டு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவியின் வேலை போகப்போகிறது, இந்த மனிதர் இன்னும் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்! எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றது. கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ரெண்டு நிமிஷம் லா. ப்ளீஸ் லா. இன்னும் ஒரு ஓட்டைதான்."

அந்த "ப்ளீஸ்" எனக்காகவா டிரில்லுக்காகவா என்று தெரியவில்லை. பிளக்கை மாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் எழுப்பினார். கை முழுக்கக் கிரீஸ், கண் சிவந்திருந்தது. "கிளம்பு. வண்டி ரெடி" என்றார். நம்பிக்கை இல்லாமல்தான் இஸ்திரி போட்டேன். இரண்டு தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

போனட்டுக்குள் அந்த ஆறு வாய்கள் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய இரண்டு கார்பரேட்டர்களும், அவற்றின் மேல் மூடிய அவலட்சணமான ஃபில்டர் டப்பாவும் இருந்தன. கம்பெனியில் வந்தது வந்தபடி. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். தலையணையை முதுகுக்குப் பின்னால் வைக்கப் பார்த்தால் அதற்கு இடமே இல்லை. முதுகு நேராகச் சீட்டில் சாய்ந்தது. காலை நீட்டி கிளச்சை அழுத்தினேன். கனமாகத்தான் இருந்தது, ஆனால் சீட்டு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது, பெடல் தரை வரைக்கும் போனது.

குனிந்து பார்த்தேன். தகரத்தில் பழைய நான்கு ஓட்டைகள் வெறுமையாக இருந்தன. அவற்றுக்கு வெகுதூரம் முன்னால் புதிய நான்கு. நான்கிலும் போல்ட்டு.

கடைசி ஓட்டைக்குத்தான் நான் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறேன்.

"என் அளவு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்றேன்.

"உன் சுடிதார் கால் கொடியில காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அத வெச்சு அளந்தேன்" என்றார் வரைபடப் பிரிவு ஆள். நான் அழுதேன். "மை கலையுது லா, போ போ" என்று கதவைச் சாத்தினார். தலையணைகளைத் தான் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இடுக்கிக்கொண்டு, ரோட்டோரம் நின்று நான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெடரல் ஹைவேயில் அந்த வண்டி சாதுவாக ஓடியது. ஒரு பெரிய கம்பெனி வண்டிக்காரரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரவுண்டானாக்களில் நான் எங்கும் நிற்கவில்லை. எட்டு மணிக்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த அவர் ஏறினார். இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் வந்து நின்றன, தலை கூரையைத் தொட்டது. சைக்கிள் பழகும் குழந்தையின் வண்டியில் பெரிய ஆள் ஏறியதைப் போல இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மட்டும் உங்களுக்கு மாத்திப் போட்டுக்குங்களேன்" என்றேன்.

"எட்டு ஓட்டை போட்டாச்சு. இதுக்கு மேல தகரம் தாங்காது" என்றார். பழைய நான்கு ஓட்டைகள் அப்படியேதான் இருந்தன, போல்ட்டை எடுத்து அங்கே பூட்டப் பத்து நிமிஷம்கூட ஆகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் ஆபீஸ் முடிந்து வந்ததும் கோயிலுக்குப் போகலாம் என்றார். நான்தான் ஓட்டினேன், அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் எலுமிச்சம்பழம் இருந்த பை. கோயில் வாசலில் நிறுத்தினேன். குருக்கள் தட்டோடு வந்தவர், போனட்டைப் பார்த்துச் சற்றுத் தள்ளியே நின்றார்.

"போனட்டைத் திறக்கல, சாமி" என்றார் இவர்.

"அப்ப இந்த வாட்டி என்ன?"

அவர் இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"டிரைவர், சாமி. புதுசு" என்றார்.

குருக்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் நெற்றியில் விபூதி வைத்தார். என் கணவர் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, முன்னால் போய் நின்று, வா வா என்று இரண்டு கையாலும் கூப்பிட்டார். நான் கிளச்சைத் தரை வரைக்கும் அழுத்தினேன்.